குதிரேமுக் இரும்புச் சுரங்க நகரம்: வரலாறும் சுற்றுலாவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரேமுக் என்பது சிகரமா, ஊரா, தேசியப் பூங்காவா?

மூன்றுக்கும் அதே பெயர்தான். பயணத் திட்டம் போடுவோர் முதலில் தடுமாறும் இடமும் இதுதான். கர்நாடக மாநிலம் சிக்கமகளூரு மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் 1,894 மீட்டர் உயரத்தில் நிற்பது குதிரேமுக் சிகரம். அரபிக்கடலிலிருந்து பார்க்கும்போது குதிரையின் முகம்போலத் தெரிவதால், மாலுமிகள் இதைக் கரையடையாளமாகக் கொண்டிருந்தார்கள் என்பது வழக்கில் உள்ள செய்தி. பத்ரா ஆற்றின் தொடக்கப் பள்ளத்தாக்கில், இரும்புத் தாது வெட்டுவதற்காகவே 1970-களின் பிற்பகுதியில் கட்டப்பட்டது குதிரேமுக் நகரியம். இவற்றைச் சூழ்ந்து, சிக்கமகளூரு, உடுப்பி, தட்சிண கன்னட மாவட்டங்களில் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரந்திருப்பது தேசியப் பூங்கா. நகரியத்தில் இறங்கியதும் சிகரம் ஏறலாம் என்று நினைத்து வருவோர் ஏமாறுவார்கள். சிகரத்துக்குச் செல்லும் பாதை வேறொரு பக்கத்திலிருந்து தொடங்குகிறது; அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே இரும்பு இருப்பதை யார் கண்டறிந்தார்கள்?

மைசூர் அரசின் நிலவியல் துறையைச் சேர்ந்த சம்பத் ஐயங்கார் 1913-இல் இம்மலைகளில் இரும்புத் தாது இருப்பதை அறிவித்தார். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் அதைத் தோண்டவில்லை. தாதுவின் தரமும் நிலத்தின் தன்மையுமே அதற்குக் காரணங்கள். குதிரேமுக்கின் தாது மேக்னடைட் என்னும் காந்தத் தன்மை கொண்ட வகை. வெண்கல் (குவார்ட்ஸ்) பாறையோடு பட்டை பட்டையாகக் கலந்து கிடப்பது. அதில் இரும்பின் அளவு ஏறத்தாழ 38 விழுக்காடுதான். பெல்லாரிப் பகுதியில் வெட்டியவுடனே உலைக்கு அனுப்பத்தக்க உயர்தரத் தாது கிடைக்கும்போது, பெருமழை பெய்யும் காட்டுக்குள் வந்து தரம் குறைந்த தாதுவை வெட்ட யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. சேலம் கஞ்சமலையில் இருப்பதும் இதேபோன்ற மேக்னடைட் தாதுதான் என்பதால், குதிரேமுக்கின் கதையைத் தமிழ் வாசகர்கள் கூடுதல் கவனத்துடன் படிக்கலாம். 1960-களில் தேசியக் கனிம வளர்ச்சிக் கழகம் விரிவாக ஆராய்ந்த பிறகே, இத்தாதுவை அரைத்துச் செறிவூட்டி ஏற்றுமதி செய்யலாம் என்ற எண்ணம் உருவாயிற்று.

இந்தச் சுரங்கத்துக்கும் ஈரானுக்கும் என்ன தொடர்பு?

குதிரேமுக் நகரியம் உருவாவதற்கு முதல் காரணமே ஈரான்தான். எண்ணெய் வருவாயில் செழித்திருந்த ஈரான் மன்னர் ஷாவின் அரசு, தன் உருக்காலைகளுக்குத் தாது தேடியது. 1975-இல் இந்தியாவும் ஈரானும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஈரான் 63 கோடி டாலர் கடன் தரும். இந்தியா ஆண்டுக்கு 75 இலட்சம் டன் செறிவூட்டிய தாதுவை வழங்கும். இதற்காக 1976 ஏப்ரலில் குதிரேமுக் இரும்புத் தாது நிறுவனம் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. சாலை, நகரியம், ஆலை, குழாய்வழி, துறைமுக வசதி என எல்லாமே, ஆண்டின் பாதியை மழையே பிடித்துக்கொள்ளும் ஒரு மலைநாட்டில் நான்கே ஆண்டுகளில் எழுந்தன. இந்தியப் பொறியாளர்களும் தொழிலாளர்களும் செய்த பெரும் சாதனை இது. சுரங்கத்தின் பிற்கால விளைவுகளை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் இதை மறுக்க முடியாது.

ஆனால் வேலை முடியும் முன்னரே நிலைமை தலைகீழாயிற்று. 1979-இல் ஈரானில் புரட்சி வெடித்து ஷாவின் ஆட்சி வீழ்ந்தது. கடனின் ஒரு பகுதியே வந்திருந்த நிலையில் மீதிப் பணம் நின்றது. தாதுவை வாங்குவதாகச் சொன்னவரும் இல்லை. இந்திய அரசு சொந்தப் பணத்தில் திட்டத்தை முடித்து 1980-இல் ஆலையை இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. வாங்குபவர் இல்லாத பொருளுக்குப் பிற நாடுகளில் சந்தை தேட வேண்டியிருந்தது. தூளாக இருக்கும் தாதுவை உருண்டைகளாக்கினால் விற்பது எளிது என்பதால், 1987-இல் மங்களூருவை அடுத்த பணம்பூரில் பெல்லட் ஆலை ஒன்றும் அமைக்கப்பட்டது.

இரயில் பாதையே இல்லாத மலையிலிருந்து இலட்சக்கணக்கான டன் தாதுவை எப்படிக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள்?

குழாய் வழியாக. வெட்டியெடுத்த பாறையை முதலில் நொறுக்கி, பிறகு நீர்விட்டு மாவுபோல் அரைத்து, காந்தங்களின் உதவியால் இரும்புத் துகள்களைப் பிரித்தெடுத்தார்கள். 38 விழுக்காடாக இருந்த இரும்பு இப்படி ஏறத்தாழ 67 விழுக்காடாக உயர்ந்தது. அந்தத் தூளை நீருடன் கலந்து குழம்பாக்கி, 67 கிலோமீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாயில் பணம்பூர் வரை அனுப்பினார்கள். மலையுச்சிப் பள்ளத்தாக்கிலிருந்து கடல்மட்டம் வரை நிலம் இறங்கிச் செல்வது இந்தக் குழம்பு பாய்வதற்குத் துணைசெய்தது. பணம்பூரில் நீரை வடித்தெடுத்து, தூளை அப்படியே கப்பலில் ஏற்றினார்கள் அல்லது பெல்லட் ஆலைக்கு அனுப்பினார்கள். ஒரு லாரிகூட மலையிறங்க வேண்டியிராத ஏற்பாடு இது. அக்கால இந்தியாவில் வெகு அரிதானது.

லக்யா அணை எதற்காகக் கட்டப்பட்டது?

முழுத் திறனில் இயங்கும்போது, ஆண்டுக்கு 225 இலட்சம் டன் பாறையை வெட்டினால் 75 இலட்சம் டன் செறிவூட்டிய தாது கிடைக்கும் என்பதே ஆலையின் கணக்கு. அப்படியானால் மீதமுள்ள 150 இலட்சம் டன் எங்கே போவது? நீரோடு கலந்த நுண்மணலும் சேறுமாக வெளிவரும் அந்தக் கழிவைத் தேக்கிவைக்க, பத்ராவின் துணையாறான லக்யாவின் குறுக்கே சுமார் 100 மீட்டர் உயரமுள்ள அணை எழுப்பப்பட்டது. பாசனத்துக்கோ மின்சாரத்துக்கோ கட்டப்பட்டது அல்ல அது. தொலைவிலிருந்து பார்க்கையில் பசுமலைகளுக்கு நடுவே அழகிய ஏரிபோலத் தெரியும் பரப்பின் அடியில் இருப்பது, இருபத்தைந்து ஆண்டுகளின் சுரங்கக் கழிவு. சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் இந்த அணையைக் காலமெல்லாம் கண்காணித்துப் பராமரித்தாக வேண்டும். ஒரு சுரங்கத்தின் உண்மையான செலவைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை என்பது என் கருத்து.

நகரியத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது?

காட்டுக்கு நடுவே நிறுவனமே கட்டி நிறுவனமே நடத்திய ஊர் இது. குடியிருப்புகள், பள்ளி, மருத்துவமனை, கடைகள், விருந்தினர் இல்லம் என எல்லாமே அதன் பொறுப்பில் இருந்தன. இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே அக்கம்பக்கத்தாராக வாழ்ந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 7,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் வட்டாரம் என்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊரே ஈரத்துக்குள் இருக்கும். அங்கே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, நகரியத்தின் மூடல் என்பது சொந்த ஊரே இல்லாமற்போன இழப்பு.

சுரங்கம் ஏன் மூடப்பட்டது?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் ‘நீதிமன்றம் மூடச் சொன்னது’ என்று பதில் தருவது சரியாகாது. இருபதாண்டு கால நிகழ்வுகள் அதற்குப் பின்னால் இருக்கின்றன.

முதலாவது, காடு. 1980-களின் தொடக்கத்தில் வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கர்நாடகக் காடுகளில் சிங்கவால் குரங்குகளைக் கணக்கெடுத்தபோது, குதிரேமுக் வட்டாரம் அவற்றின் முக்கியமான புகலிடம் என்பது தெரியவந்தது. மரத்தைவிட்டுப் பெரும்பாலும் தரையிறங்காத, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் வாழாத குரங்கினம் அது. 1987-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்படுவதற்கு இந்த ஆய்வு துணைநின்றது. ஆக, இயங்கிக்கொண்டிருக்கும் சுரங்கத்தைச் சுற்றியே ஒரு தேசியப் பூங்கா உருவாயிற்று.

இரண்டாவது, ஆறு. சுரங்கம் அமைந்த இடம் பத்ராவின் பிறப்பிடத்துக்கு அருகே உள்ளது. சோலையும் புல்வெளியும் மூடிய மலைச்சரிவு, மழைநீரை உறிஞ்சி மெல்ல விடும். அந்தப் போர்வையை உரித்து மலையைப் படிப்படியாக வெட்டிய இடத்தில் 7,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் செந்நிறச் சேறு ஆற்றில் இறங்கியது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் மிகச் சிறிய பங்கே சுரங்கம் என்றாலும், ஆற்றுக்கு வந்த வண்டலில் அதன் பங்கு மிகப் பெரிது என்பதை நீரியல் அளவீடுகள் காட்டின. கீழே லக்கவள்ளியில் உள்ள பத்ரா அணையையும், அதை நம்பியிருக்கும் வயல்களையும், குடிநீரையும் தொட்ட பிரச்சினையாக அது வளர்ந்தது.

மூன்றாவதாக வந்தது சட்டம். 1969-இல் வழங்கப்பட்ட முப்பதாண்டுக் குத்தகை 1999 ஜூலையில் முடிவுற்றது. நிறுவனம் நீட்டிப்புக் கேட்டது. தற்காலிக அனுமதிகளுடன் வேலை தொடர்ந்தது. நாகரஹொளே காட்டைக் காத்தவர் என்று பெயர்பெற்ற முன்னாள் வன அதிகாரி கே.எம். சின்னப்பா 2001-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். கூடலூர்க் காடுகளை முன்னிட்டு 1995-இல் தொடுக்கப்பட்டு, பிறகு நாட்டின் காடுகள் அனைத்துக்குமான வழக்காக விரிந்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கின் ஒரு பகுதியாகவே அவருடைய மனு விசாரிக்கப்பட்டது. 2002 அக்டோபர் 30 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே வெட்டித் திறக்கப்பட்ட பகுதியில் மட்டும் 2005 இறுதி வரை வெட்டலாம், அதன் பிறகு முற்றாக நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். 2005 டிசம்பர் 31 அன்று குதிரேமுக்கில் சுரங்கப் பணி நின்றது.

இலாபத்தில் இயங்கிய ஒரு பொதுத்துறைச் சுரங்கம், தாது தீர்ந்ததால் அன்றி, காட்டையும் ஆற்றையும் காப்பதற்காக மூடப்பட்டது இந்தியாவில் மிக அரிய நிகழ்வு. குதிரேமுக்குக்குச் செல்வோர் அருவியையும் சிகரத்தையும் மட்டும் பார்த்துத் திரும்பாமல், இந்த வரலாற்றையும் அறிந்து செல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மூடலை எல்லோரும் வரவேற்றார்களா?

இல்லை. நேரடி வேலையையும், அதைச் சார்ந்த கடை, போக்குவரத்து, ஒப்பந்த வேலைகளையும் இழந்தவர்களுக்கு அது பேரிடி. இன்னொரு பக்கம், பூங்காவின் எல்லைக்குள் தலைமுறைகளாக வாழ்ந்த மலெகுடியர் உள்ளிட்ட பழங்குடியினரும் சிறு விவசாயிகளும், பூங்கா அறிவிப்பால் தங்கள் நிலத்திலிருந்து வெளியேற்றப்படுவோம் என்று அஞ்சினார்கள். பெரிய சுரங்கத்துக்கு இத்தனை ஆண்டுகள் இடம் கொடுத்த அரசு எங்களை மட்டும் ஏன் வெளியேறச் சொல்கிறது என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. அந்த மனக்குறையைப் பற்றிக்கொண்டுதான் 2000-களில் இவ்வட்டாரத்தில் நக்சல் இயக்கம் வேர்விட முயன்றது. காட்டைக் காப்பாற்றிய கதையில் இந்தப் பகுதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிறுவனம் இப்போது என்ன செய்கிறது?

பணம்பூரில் உள்ள பெல்லட் ஆலை, வேறு சுரங்கங்களின் தாதுவைக் கொண்டு தொடர்ந்தது. நிறுவனத்தின் பெயரும் கே.ஐ.ஓ.சி.எல். லிமிடெட் என்று சுருங்கியது. ஊழியர்களில் பலர் மங்களூருவுக்கு மாற்றப்பட்டார்கள்.

பழைய சுரங்கத்தையும் லக்யா அணையையும் உள்ளே சென்று பார்க்கலாமா?

உரிய அனுமதி இல்லாமல் முடியாது. வெட்டப்பட்ட மலைப்பகுதி, ஆலைக் கட்டடங்கள், அணை ஆகியவை பொதுமக்கள் விருப்பம்போல் நுழையும் இடங்கள் அல்ல. வெறிச்சோடிய குடியிருப்புகளில் புகுந்து படமெடுக்கும் பழக்கம் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. பாழடைந்த கட்டடங்கள் ஆபத்தானவை, பாம்புகளும் உண்டு என்பதால் அதைத் தவிருங்கள். நகரியத்தின் வழியாகச் செல்லும் பொதுச் சாலையிலிருந்தே ஊரின் அமைப்பும், கைவிடப்பட்ட வீடுகளைக் காடு மெல்லத் திரும்பப் பெறுவதும் தெரியும்.

அப்படியானால் பார்ப்பதற்கு என்னென்ன இருக்கின்றன?

கார்க்களாவிலிருந்து மலையேறிக் குதிரேமுக் வழியாகக் களசாவுக்குச் செல்லும் சாலையே முதல் காட்சி. அடர்ந்த மழைக்காட்டுக்குள் வளைந்து ஏறும் வழி, உயரே சென்றதும் திடீரென்று திறந்து, அலையலையான புல்வெளி மலைகளைக் காட்டும். மலையின் மடிப்புகளில் மட்டும் சோலைகள் இருண்டு நிற்கும். நீலகிரியில் இப்படிப்பட்ட நிலம் பெருமளவு தேயிலைக்கும் தைல மரத்துக்கும் பறிபோய்விட்டது. இங்கே அது இன்னும் பரந்து கிடக்கிறது.

இதே சாலையில் அனுமன்குண்டி அருவி இருக்கிறது. நுழைவுக் கட்டணம் செலுத்தி, நீண்ட படிக்கட்டில் இறங்கினால், பாறை மேல் முப்பது மீட்டர் அளவுக்கு விழும் நீரை அருகிலிருந்து பார்க்கலாம். இறங்குவது எளிது, ஏறுவதற்கு மூச்சு வேண்டும். கடம்பி அருவி சாலையோரத்திலேயே விழுவதால், வண்டியிலிருந்தே கண்டு செல்லலாம்.

கங்கமூலா இன்னொரு வகையில் முக்கியமானது. வராக பர்வதத்தில் உள்ள இந்த இடத்தில் துங்கா, பத்ரா, நேத்ராவதி ஆகிய மூன்று ஆறுகள் பிறக்கின்றன. துங்காவும் பத்ராவும் கிழக்கே ஓடி, சிவமொக்காவுக்கு அருகே கூடலியில் ஒன்றாகித் துங்கபத்ராவாகிக் கிருஷ்ணாவில் கலக்கின்றன. நேத்ராவதியோ மேற்கே இறங்கி மங்களூருவில் கடலைச் சேர்கிறது. வங்கக்கடலுக்கும் அரபிக்கடலுக்கும் நீர் பிரியும் இடம் இது. இங்கே மண்ணைத் தோண்டினால் எவ்வளவு தொலைவுக்குப் பாதிப்புச் செல்லும் என்பது, வரைபடத்தில் இந்த மூன்று ஆறுகளைப் பின்தொடர்ந்தாலே விளங்கும்.

சிகரத்துக்கு எப்படி ஏறுவது?

மலையேற்றம் களசாவுக்கு அருகிலுள்ள சம்சே, பாளேகல், முள்ளோடி பக்கத்திலிருந்து தொடங்குகிறது. போகவர ஏறத்தாழ 20 கிலோமீட்டர். விடியற்காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்ப வேண்டிய முழுநாள் நடை. வனத்துறையின் முன்னனுமதியும் கட்டணமும் கட்டாயம். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு இருப்பதால், வார இறுதிகளுக்கு வெகு முன்னரே இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள். உச்சியில் கூடாரமடித்துத் தங்க அனுமதி கிடையாது. கோடையில் காட்டுத்தீ அபாயம் காரணமாகவும், கடும் மழையின்போதும் பாதை மூடப்படுவதுண்டு. ஓடைகளைக் கடக்கவும் புல்வெளிச் சரிவில் வெயிலில் நடக்கவும் பழக்கம் இருந்தால் கடினமான ஏற்றம் அல்ல. நடைப்பழக்கமே இல்லாதவர்கள் இதை முதல் முயற்சியாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

என்னென்ன விலங்குகளைக் காணலாம்?

புலி, சிறுத்தை, செந்நாய், காட்டெருமை, கடமான், மலையணில், இராஜநாகம், பெரிய இருவாச்சி எல்லாம் இங்கே வாழ்கின்றன. ஆயினும் இது வண்டியில் சென்று விலங்குகளைத் தேடிப் பார்க்கும் சரணாலயம் அன்று. அடர்காட்டில் கண்ணில் படுவது குறைவு. சிங்கவால் குரங்குகள் சில நேரம் சாலையோர மரங்களில் தென்படும். அப்போது தின்பண்டம் எதையும் நீட்டாதீர்கள். உணவுக்காகச் சாலைக்கு இறங்கப் பழகிய சிங்கவால் குரங்குகள் வண்டிகளில் அடிபட்டுச் சாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் பல இடங்களில் நடக்கிறது. யுனெஸ்கோ 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, அதில் குதிரேமுக் பூங்காவும் இடம்பெற்றது.

அருகில் கோயில்கள், பழைய ஊர்கள் உண்டா?

உண்டு. பத்ராவின் கரையிலுள்ள களசாவில் களசேசுவரர் கோயிலும், அங்கிருந்து சிறிது தொலைவில் ஹொரநாட்டில் அன்னபூரணேசுவரி கோயிலும் உள்ளன. ஹொரநாட்டில் வருவோர் அனைவருக்கும் உணவு வழங்கப்படுகிறது. வடக்கே சிருங்கேரியில் சாரதா பீடமும், பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வித்யாசங்கரர் கற்கோயிலும் காண வேண்டியவை. மலையடிவாரத்தில் கார்க்களாவில், 1432-இல் நிறுவப்பட்ட, 42 அடி உயரமுள்ள ஒற்றைக்கல் கோமதேசுவரர் சிலை நிற்கிறது.

எந்த மாதத்தில் செல்வது நல்லது?

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. மழை ஓய்ந்து, மலை பசுமை மாறாமல், அருவிகளிலும் நீர் இருக்கும் காலம் அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்சிகள் மிக அழகு. ஆனால் மூடுபனி, மண்சரிவு, அட்டை ஆகிய மூன்றுக்கும் தயாராகச் செல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் புல்வெளி காய்ந்திருக்கும்.

எப்படிச் சென்றடைவது, எங்கே தங்குவது?

தமிழகத்திலிருந்து செல்வோருக்கு மங்களூரு வழியே வசதியானது. சென்னையிலிருந்து சேலம், ஈரோடு, கோயம்புத்தூர் வழியாகச் செல்லும் வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸ் மங்களூரு சென்ட்ரலில் கொண்டுவிடும். விமான நிலையமும் அங்கே உள்ளது. மங்களூருவிலிருந்து கார்க்களா வழியாகக் குதிரேமுக் சுமார் 100 கிலோமீட்டர். பேருந்துகள் உண்டு, ஆனால் இடையில் உள்ள அருவிகளையும் பார்க்க வேண்டுமானால் வாடகை வண்டியே நல்லது. தங்குவதற்குக் களசா, ஹொரநாடு பக்கத்தில் விடுதிகளும், காப்பித் தோட்ட வீடுகளும் கிடைக்கும். வனத்துறையின் பகவதி இயற்கை முகாம் காட்டுக்குள்ளேயே அமைந்தது. முன்பதிவு இன்றி இடம் கிடைக்காது.

பூங்காச் சாலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

சோதனைச் சாவடியில் வண்டியைப் பதிவு செய்து, நுழைந்த நேரம் குறித்த சீட்டு தருவார்கள். குறித்த நேரத்துக்குள் மறுமுனைச் சாவடியைக் கடக்க வேண்டும். அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை நிறுத்தக் கூடாது. புல்வெளியில் இறங்கி நடப்பது, சமைப்பது, மது அருந்துவது, நெகிழிக் குப்பையை வீசுவது ஆகிய எல்லாமே தண்டனைக்குரியவை. எரிபொருளை மலையேறும் முன் கார்க்களாவிலோ, மறுபுறமிருந்து வந்தால் களசாவிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் கைப்பேசிக்குச் சமிக்ஞை பெரும்பாலும் கிடைக்காது என்பதால், தங்குமிடத்தின் முகவரியையும் வழியையும் முன்னரே தாளில் குறித்துவைத்திருப்பது நல்லது.